ஸ்டோரிவீவர்: பசங்களுக்கு கதை தேடுறவங்களுக்கு

பிரதம் புக்ஸ்ங்கற லாப நோக்கமில்லாத குழந்தைகள் புத்தக பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச இலவச கதை தளம், தமிழ்லயும் நிறைய படக்கதை இருக்கு, டவுன்லோடு பண்ணி பிரின்ட் கூட எடுத்துக்கலாம், கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் தான் (அதாவது எழுதினவங்க பேர போட்டுட்டு யார் வேணா பயன்படுத்திக்கலாம்னு குடுக்கற அனுமதி). நாலு லெவலா பிரிச்சிருக்காங்க. லெவல் 1 ரொம்ப குட்டிக் கதைங்க, மூணு நாலு வயசு வாண்டுங்களுக்கு அது போதும், அந்த வயசுல பொம்மைய பக்கத்து வீட்டு பாப்பாவுக்கும் குடுக்கறது, இருட்டுக்கு பயப்படாம இருக்கறது மாதிரி ஒரே ஒரு விஷயம் இருந்தா தான் மண்டைல ஏறும்.

ஏழெட்டு வயசு வந்தா தான் சுவாரசியமே, தப்பு பண்ணவனும் பாவம்னு தோணுற கதையா பாத்து எடுங்க, "அவன் ஏன்டா அப்படி செஞ்சான்?"னு கேட்டுட்டு வாய மூடிட்டு உக்காருங்க, பசங்க பேசற பேச்சு இருக்கே! நீதி என்னன்னு நாமளே சொல்லிட்டா எந்திரிச்சு ஓடிருவாங்க. ஆனா லெவல்ங்கறது வாசிக்கற திறமைக்கு தான், கதை சொல்லித்தர்ற குணத்துக்கு இல்ல, அதனால குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ படிச்சிருங்க. பத்து வயசுக்கு மேல எதையும் நீட்டாதீங்க, அவங்களே தேடி எடுக்கட்டும் (நாம சொன்னா எடுக்க மாட்டாங்க, அது வேற விஷயம்). காசே இல்லாம இவ்ளோ கிடைக்குதே, அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன்.