லண்டனில் தற்காலிக அலுவலக வேலை: ஏஜென்சியா, அம்ப்ரெல்லாவா, நேரடி ஒப்பந்தமா?

மணிக்கு 17 பவுண்டு என்கிறது ஒரு விளம்பரம். 13.50 பவுண்டு என்கிறது இன்னொன்று. வேலை என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்: தொலைபேசி எடுப்பது, எக்செல் தாளில் பதிவது, கூட்டங்களுக்கு நேரம் குறிப்பது, வருபவர்களை வரவேற்பது. கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவில் லண்டனுக்கு வந்து முதன்முதலாக வேலை தேடும் நம்மவர்கள் பலர் யோசிக்காமல் 17-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். 13.50-இல் சேர்ந்தவர்தான் வார இறுதியில் கூடுதலாகப் பெறுகிறார் என்பது முதல் சம்பளச்சீட்டு வந்த பிறகே தெரிகிறது. மணிக்கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, யார் உங்கள் முதலாளி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தற்காலிக அலுவலக வேலைக்கு இங்கே மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வேலைவாய்ப்பு ஏஜென்சியே உங்களைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு, வரியைப் பிடித்து, வாரச் சம்பளம் தருவது. இங்கே இதை ‘பே’ ஏஜென்சி வேலை என்று சிலரும், ‘பி.ஏ.ஒய்.இ.’ என்று ஏஜென்சிக்காரர்களும் சொல்கிறார்கள். இரண்டாவது, வேலையைத் தேடித் தருவது ஏஜென்சி, சம்பளம் தருவது அம்ப்ரெல்லா நிறுவனம் என்ற மூன்றாவது கை. மூன்றாவது, வேலை கொடுக்கும் அலுவலகமே ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலம் குறித்து நேரடியாக ஒப்பந்தம் போடுவது.

அம்ப்ரெல்லா கணக்கைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏமாற்றம் அதில்தான் அதிகம். விளம்பரத்தில் சொல்லும் 17 பவுண்டு உங்கள் சம்பளம் அல்ல. ஏஜென்சி அம்ப்ரெல்லா நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகை அது. முதலாளி கட்ட வேண்டிய தேசிய காப்பீடும் (அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தின் மேல் கட்டும் பங்களிப்பு) அதிலிருந்துதான் போகிறது. 2025 ஏப்ரல் முதல் அந்த விகிதம் 15 சதவீதம். ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேலுள்ள சம்பளம் முழுவதற்கும் உண்டு. அரை சதவீதம் தொழிற்பயிற்சி வரியும் அதிலிருந்தே. அம்ப்ரெல்லா நிறுவனத்தின் வாரக் கட்டணமும் அதிலிருந்தே.

வாரம் 37.5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 17 பவுண்டு விகிதத்தில் 637.50 வருகிறது. நிறுவனத்தின் கட்டணம் 20 பவுண்டு என்று கொள்வோம், மீதி 617.50. முதலாளியின் காப்பீடும் தொழிற்பயிற்சி வரியும் போனால் உங்கள் பெயருக்கு வரும் மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 547 பவுண்டு. விடுமுறைச் சம்பளமும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்து எடுத்தால் அடிப்படை ஊதியம் மணிக்கு 13 பவுண்டுதான். 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே 12.71. பதினேழு என்று சொல்லி அழைத்த வேலை, குறைந்தபட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

ஏஜென்சி நேரடியாகத் தரும் 13.50-ஐ இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு 506.25. விடுமுறைச் சம்பளம் இதற்கு மேல் தனி, 12.07 சதவீதம் என்றால் இன்னும் 61 பவுண்டு. மொத்தம் 567. முதலாளியின் காப்பீட்டை ஏஜென்சி தன் பங்கிலிருந்து கட்டுகிறது, உங்கள் தொகையைத் தொடுவதில்லை. இதற்குப் பிறகு பிடிக்கப்படும் உங்கள் வருமான வரியும் உங்கள் பங்குக்கான தேசிய காப்பீடும் இரண்டு வழிகளிலும் ஒரே விதிப்படிதான். எனவே 13.50 வாரம் 20 பவுண்டு கூடுதலாகத் தருகிறது. ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டால் இடைவெளி இன்னும் விரியும், ஏனென்றால் முதலாளி போட வேண்டிய குறைந்தபட்ச 3 சதவீதத்தையும் அம்ப்ரெல்லா வழக்கமாக அதே 17-இலிருந்துதான் எடுக்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் நீங்களே போட வேண்டிய அவசியமில்லை. 2020 ஏப்ரல் 6 முதல், ஒப்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்பே ஏஜென்சி உங்களுக்கு ‘முக்கியத் தகவல் ஆவணம்’ ஒன்றைத் தந்தாக வேண்டும். இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் தாள் அது. யார் சம்பளம் தருவது, எதெல்லாம் பிடிக்கப்படும் என்று மேலே இருக்கும். கீழே ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: அம்ப்ரெல்லாவுக்கு வரும் தொகையில் தொடங்கி, ஒவ்வொரு பிடித்தமாகக் கழித்து, கடைசி வரியில் கைக்கு வரும் பணம். அந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்தால் போதும், விளம்பரத்தின் சாயம் வெளுத்துவிடும். இந்தத் தாளைக் கேட்டால் மழுப்பும் ஏஜென்சியிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

அம்ப்ரெல்லா என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. முறைப்படி வரி கட்டும் நிறுவனங்கள் ஏராளம். அடிக்கடி ஏஜென்சி மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரே முதலாளி, ஒரே வரிக்குறி (எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குக் காட்டும் ‘டாக்ஸ் கோட்’) என்ற வசதியும் உண்டு. ஆனால் மணிக்கு 40, 50 பவுண்டு வாங்கும் கணினித் துறையினருக்குத் தாங்கும் கட்டணம், 17 பவுண்டு அலுவலக உதவியாளருக்குத் தாங்காது. ‘சம்பாதிப்பதில் 85 சதவீதம் கைக்கு வரும்’ என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைக் கடன் என்றும் முன்பணம் என்றும் பெயர் மாற்றித் தரும் வேலை அது. எச்.எம்.ஆர்.சி. எனப்படும் வரித்துறை இத்தகைய திட்டங்களைப் பெயர் குறிப்பிட்டுப் பட்டியலாகவே வெளியிடுகிறது. கண்டுபிடிக்கப்பட்டால் வரிப் பாக்கி உங்கள் தலையிலும் விடியலாம்.

நேரடி ஒப்பந்தத்துக்கு வருவோம். பணத்தைப் பொறுத்தவரை இதுவே நேர்மையானது. ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்றால் மணிக்கு 13.33, விடுமுறை நாட்களுக்கும் சம்பளம் உண்டு. முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 28 நாள் ஊதியத்துடன் விடுப்பு என்பது மூன்று வழியினருக்கும் பொதுவான சட்டம். ஆனால் நேரடி ஊழியர் என்றால் அலுவலகத்தின் நோய்க்கால ஊதியம், பயணச்சீட்டுக் கடன் போன்ற சலுகைகளும் சேர்ந்துகொள்ளும். காலம் குறித்த ஒப்பந்தக்காரர் என்பதற்காக நிரந்தர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. தகுந்த காரணம் இல்லாமல் வேறுபாடு காட்ட முடியாது. இப்படிப்பட்ட வேலைகளில் பெரும்பகுதி மகப்பேறு விடுப்பில் போனவரின் இடத்தை நிரப்புவது. இந்நாட்டில் அந்த விடுப்பு 52 வாரம் வரை நீளலாம் என்பதால் ஒன்பது மாதம், பன்னிரண்டு மாதம் என்று ஒப்பந்தம் அமைகிறது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் இதற்கே போகலாமே? போகலாம், கிடைத்தால். விண்ணப்பம், நேர்காணல், மறுபடியும் ஒரு நேர்காணல், பிறகு பழைய முதலாளிகளின் பரிந்துரை என்று வாரக்கணக்கில் இழுக்கும். பரிந்துரைக் கட்டம்தான் புதிதாக வந்தவர்களை மடக்குகிறது. கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ எட்டு வருடம் அலுவலகத்தை நடத்தியவரிடம், ‘இங்கே வேலை பார்த்த அனுபவம் உண்டா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு அவமானமாக உறைக்கும் என்பது கேட்கப்பட்டவருக்குத்தான் தெரியும். திறமையில் குறை ஏதும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்க லண்டனில் ஓர் எண் இல்லை, அவ்வளவுதான்.

ஏஜென்சி வேலையின் உண்மையான மதிப்பு இங்கே இருக்கிறது. வியாழக்கிழமை தொலைபேசி வரும், திங்கட்கிழமை வேலையில் இருப்பீர்கள். பதிவு செய்யும்போது வேலை செய்யும் உரிமையைக் காட்டும் பகிர்வுக் குறியீடு, தட்டச்சுத் தேர்வு, எக்செல் தேர்வு, அவ்வளவே. தேசியக் காப்பீட்டு எண் இன்னும் கைக்கு வரவில்லையென்றாலும் வேலையைத் தொடங்கலாம். வேலை தேடித் தந்ததற்கு உங்களிடம் ஏஜென்சி ஒரு காசும் கேட்கக் கூடாது; 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. ஊரில் தரகருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்துப் பழகியவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஓர் அலுவலகத்தில் ஒழுங்காக வேலை செய்துவிட்டால் விசாரிக்க எண் கிடைத்துவிட்டது. அதன் பிறகு நேரடி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்தால் கதவு திறக்கிறது.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காலையில் தொலைபேசி செய்து, இன்று வர வேண்டாம், நாளையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முன்னறிவிப்புக் காலம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. வாடகை கட்ட இந்த ஒரே வருமானத்தை நம்பியிருப்பவருக்கு இது சாதாரண விஷயமல்ல. கடவுச்சொல் இல்லாமல், யாரும் எதையும் விளக்காமல், பழைய கையேட்டைப் புரட்டிக்கொண்டு முதல் நாள் கழிவதும் வழக்கம். மதிய உணவுக்கு எல்லோரும் எழுந்து போகும்போது உங்களை அழைக்க யாருக்கும் தோன்றாமலும் போகலாம். ஆனால் உணவகம், பணியாளர் ஓய்வறை போன்ற பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமை முதல் நாளிலிருந்தே உங்களுக்கு உண்டு. கூச்சப்படாமல் போய் உட்காருங்கள்.

அதே அலுவலகத்தில், அதே வேலையில் 12 வாரம் முடிந்தால் உங்கள் நிலை மாறுகிறது. 2011 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஏஜென்சித் தொழிலாளர் விதிகளின்படி, அந்த வேலைக்கு நேரடியாக எடுத்திருந்தால் என்ன அடிப்படைச் சம்பளம், என்ன விடுப்பு தந்திருப்பார்களோ அதையே உங்களுக்கும் தர வேண்டும். இடையில் ஆறு வாரம் வரை விட்டுப்போனாலும் கணக்கு அழியாது, நின்ற இடத்திலிருந்து தொடரும். ஏஜென்சி வழியாக வந்த அம்ப்ரெல்லா ஊழியருக்கும் இது பொருந்தும். அலுவலகத்தின் ஓய்வூதியமும் கூடுதல் நோய்க்கால ஊதியமும் இந்தச் சமத்துவத்தில் சேராது. பன்னிரண்டாவது வாரம் முடிந்தவுடன் ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, என் ஊதியத்தை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்காதவருக்குத் தாமாக முன்வந்து ஏற்றித் தரும் ஏஜென்சிகள் குறைவு.

டைம்ஷீட் விஷயத்திலும் தைரியமாக இருங்கள். மேலாளர் விடுமுறையில் போய்விட்டார், ஒப்புதல் தரவில்லை, ஆகவே சம்பளம் இல்லை என்று ஏஜென்சி சொல்ல முடியாது. வேலை செய்த நேரத்தைச் சரிபார்க்க நியாயமான அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். செய்த வேலைக்குப் பணம் மறுக்க முடியாது. அலுவலகம் ஏஜென்சிக்குப் பணம் கட்டவில்லை என்பதும் காரணமாகாது.

வரிக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. நவம்பரில் வந்து முதல் வேலையில் சேர்பவர், புதிய ஊழியர் படிவத்தில் ‘ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை’ என்ற பகுதியைச் சரியாகக் குறித்தால், கடந்துபோன மாதங்களுக்கான சலுகையும் சேர்ந்து வரும். அந்த ஆண்டு வரி மிகக் குறைவாகவே பிடிக்கப்படும். படிவத்தையே நிரப்பாமல் விட்டால் சலுகையே இல்லாத குறியில் போட்டுவிடுவார்கள், பணம் திரும்பி வர மாதங்கள் ஆகலாம். ஏஜென்சி மாறும்போது, அதுவரை வாங்கிய சம்பளத்தையும் கட்டிய வரியையும் காட்டும் பி45 தாளைப் பழையவரிடம் கேட்டு வாங்கிப் புதியவரிடம் கொடுங்கள். நேரடி ஒப்பந்தத்தில் இந்தத் தொல்லை ஒரு முறையோடு முடிந்துவிடும்; ஏஜென்சிகள் மாறி மாறிப் போனால் ஒவ்வொரு முறையும் உண்டு.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பொது மருத்துவமனைகள் தங்களுக்கென்று ‘பேங்க்’ என்ற பெயரில் தற்காலிக ஊழியர் பட்டியல் வைத்திருக்கின்றன. செவிலியர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வரவேற்பாளர், நோயாளிப் பதிவு எழுத்தர் வேலைகளும் அதில் வரும். வேலைக்கு உத்தரவாதம் இல்லை, சேர்வதற்குச் சரிபார்ப்புகள் அதிகம். ஆனால் இடைத்தரகர் இல்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் மட்டும் போக நினைப்பவருக்கு ஏஜென்சியைவிட இதையே முன்னால் வைப்பேன்.

விசாவைப் பொறுத்தும் தேர்வு மாறும். ஸ்கில்ட் வொர்க்கர் விசாக்காரரின் துணைவருக்கு ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம் என்பதால் எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. படித்து முடித்து கிராஜுவேட் விசாவில் இருப்பவர்களிடம் மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: தற்காலிக அலுவலக வேலை உங்களுக்கு வாடகை தரும், ஸ்பான்சர் தராது. 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்குப் பட்டதாரி நிலை வேலை தேவை. சம்பளத்தின் பொது வரம்பு 41,700 பவுண்டு. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு வரம்பு சற்றுக் குறைவு என்றாலும் அலுவலக உதவியாளர் வேலை அந்தப் பட்டியலில் வராது. நன்றாக உழைத்தால் இவர்களே விசா தருவார்கள் என்று நம்பி இரண்டு வருடத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

துணைவர் விசாவில் புதிதாக வந்திருப்பவருக்கு என் பரிந்துரை: முதல் மூன்று, நான்கு மாதம் ஏஜென்சியின் நேரடிச் சம்பளத்தில் வேலை, அதற்குள்ளேயே நேரடி ஒப்பந்தங்களுக்கு விண்ணப்பம். அம்ப்ரெல்லா வழி மட்டுமே இருக்கும் வேலை என்றால், ஏஜென்சி நேரடியாகச் சொல்லும் விகிதத்தைவிட மணிக்கு நான்கு பவுண்டுக்கு மேல் கூடுதலாக இல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

அந்த மூன்று, நான்கு மாதத்துக்குள் மேலாளரே உங்களை அழைத்து, நிரந்தரமாக இங்கேயே இருக்கிறீர்களா என்று கேட்கவும் கூடும். ஏஜென்சி ஊழியரைத் தன் ஊழியராக எடுத்துக்கொள்வதற்கு ஏஜென்சிக்குக் கட்டணம் தர வேண்டுமே என்று அந்த அலுவலகம் தயங்கினால் விதியை எடுத்துச் சொல்லுங்கள். வேலை தொடங்கி 14 வாரம், அல்லது கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 8 வாரம், இவற்றில் எது பிந்தியதோ அதற்குப் பிறகு உங்களை எடுத்துக்கொண்டால் ஏஜென்சி கட்டணம் கேட்க முடியாது. அதற்கு முன்பே எடுக்க விரும்பினாலும், கட்டணத்துக்குப் பதிலாக ஏஜென்சி வழியாகவே இன்னும் சில வாரம் நீட்டித்து வைத்துக்கொண்டு, பிறகு கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பை அந்த அலுவலகத்துக்குத் தர வேண்டும். எப்படியானாலும் அந்தக் கட்டணம் அலுவலகத்துக்கும் ஏஜென்சிக்கும் இடையிலானது. உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பென்னிகூட அதற்குப் போகக் கூடாது.