முகத்தையா, மணிக்கட்டையா, அறையையா அளப்பது?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் களைப்பையும் மன அழுத்தத்தையும் உணர்ந்து, விளக்கையும் மின்விசிறியையும் தானே மாற்றிக்கொள்ளும் அறையொன்றை யாழ்ப்பாணத்து வீட்டில் அமைக்க விரும்புவோர்க்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: முகத்தைப் பார்க்கும் கமரா, மணிக்கட்டில் கட்டும் பட்டி, ஆளை விட்டு அறையை மட்டும் அளக்கும் உணரிகள். என் தெரிவு மூன்றாவது.

கமரா முகத்தசையைத்தான் காண்கிறது. சிரிக்கும் முகத்தின் பின்னால் இருப்பது மகிழ்ச்சியா, சங்கடமா என்பதை அது ஊகிக்கவே முடியும். மைக்ரோசொஃப்ட் 2022 இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகத்தை விலக்கிக்கொண்டது. வேலைத்தலங்களிலும் கல்வி நிலையங்களிலும் இதனைப் பயன்படுத்துவதை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரி முதல் தடைசெய்துள்ளது. ஆயினும் கண்ணிமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதை அளப்பது ஊகம் அன்று. முக உணர்ச்சி ஆய்வில் பெயர்பெற்ற அஃபெக்டிவா நிறுவனத்தை 2021 இல் வாங்கியது, சாரதிகளின் கண்ணைக் கவனிக்கும் கருவிகளைச் செய்யும் ஸ்மார்ட் ஐ நிறுவனம் என்பது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன். கொழும்புக்கு இரவில் ஓடும் பஸ்ஸில் சாரதிக்கு எதிரே அத்தகைய கமரா இருப்பதை நான் வரவேற்பேன். படிக்கும் மேசைக்கு எதிரே வேண்டாம்.

பட்டி பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, நாடித் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதைக் கணிக்கிறது. மன அழுத்தம் கூடும்போது அந்த மாறுபாடு பொதுவாகக் குறையும். சில பட்டிகள் வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்துதிறனையும் அளக்கின்றன. இங்கேதான் சிக்கல்: சோளகக் காற்று தொடங்குமுன் சித்திரை வெயிலில் சும்மா இருப்பவருக்கும் வியர்க்கும், நாடியும் ஏறும். பௌதிகவியல் வினாத்தாளா புழுக்கமா காரணம் என்று பட்டிக்கு எப்படித் தெரியும்? எத்தனை மணிநேரம் நித்திரை கொண்டார் என்ற கணக்குக்கு மட்டும் அது ஓரளவு உதவும்.

அறை உணரிகள் வெப்பம், ஈரப்பதன், ஒளி, காபனீரொட்சைட்டு ஆகியவற்றை அளக்கின்றன. வெளிக்காற்றில் அவ்வாயு மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பங்கு. யன்னலைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்ட அறையில் இருவர் இருந்தால் அது விரைவில் 1000 ஐத் தாண்டிவிடும், ஏனெனில் வீடுகளில் பூட்டும் வழமையான குளிரூட்டி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பிள்ளையின் சோர்வென்று நாம் கருதுவது பல வேளைகளில் அறையில் காற்றுத் தேங்கியதன் விளைவே. நாற்சார் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் இதனை மின்சாரமில்லாமலே தீர்த்து வைத்திருந்தது. இரவில் நீல ஒளியைக் குறைத்து மஞ்சளாக்குவதற்கும் மனநிலையை அறிய வேண்டியதில்லை, மணிக்கூடு போதும்.

முதல்நாள் நித்திரை கெட்டதையோ நண்பனோடு மனஸ்தாபப்பட்டதையோ இந்த உணரிகள் அறியமாட்டா. அதற்கு மேசையில் ஒரு பொத்தானை வைத்து, களைப்பாக இருக்கிறதென்று பிள்ளையே அழுத்தினால் விளக்கு மங்கும்படி அமைத்துவிடலாம்.