அசகுசா போகிறீர்களா? தங்க அட்டை நீட்டும் 'துறவி'யிடம் கையை நீட்டாதீர்கள்

டோக்கியோவில் எனக்கு அது முதல் நாள். தனியாகப் போயிருந்தேன். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேராக அசகுசாவுக்கு மெட்ரோ ஏறினேன். 628-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் சென்சோ-ஜி கோயில், அதற்கு முன்னால் நகமிசே கடைத்தெரு. முதல் நாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோயிலில் 100 யென் போட்டு, உருளையைக் குலுக்கிக் குறிச்சீட்டு எடுத்தேன். வந்தது 'க்யோ', கெட்ட பலன். அங்கே நூற்றுக்கு முப்பது சீட்டு அப்படித்தான் இருக்குமாம், அப்புறம்தான் தெரிந்தது. வழக்கப்படி சீட்டை அங்கிருந்த கம்பியில் கட்டிவிட்டு வந்தாலும் மனசு லேசாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கமினரிமொன் வாசலில், அந்த ராட்சச சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் அவர் நின்றார். மொட்டைத் தலை, பழுப்பு அங்கி, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. சிரித்தபடி ஒரு தங்க நிற அட்டையை நீட்டினார். கோயில் வாசலில் சாமியார் எதையாவது கொடுத்தால் நம் கை தானாக ஏந்திக்கொள்ளுமே, அதேதான். அடுத்த நொடி மணிக்கட்டில் ஒரு மணி வளையம் ஏறியது. உடனே ஒரு நோட்டுப் புத்தகம் விரிந்தது: பெயர், நாடு, தொகை. மேலே இருந்த வரிகளெல்லாம் 3,000, 5,000, 10,000. எல்லாம் ஏறக்குறைய ஒரே கையெழுத்து என்பது பணம் போன பிறகுதான் கண்ணில் பட்டது.

1,000 யென் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டு 5,000 என்ற வரியை விரலால் தட்டினார். சிரிப்பு காணாமல் போயிருந்தது. இன்னும் இரண்டு ஆயிரம் யென் தாள்களைக் கொடுத்து விடுபட்டேன். மொத்தம் 3,000 யென், நம் காசுக்குக் கிட்டத்தட்ட 1,700 ரூபாய்.

அட்டையில் ஒரு பக்கம் போதிசத்துவர் படம், மறுபக்கம் ஆங்கிலத்தில் 'ஒர்க் ஸ்மூத்லி, லைஃப்டைம் பீஸ்'. ஜப்பானியக் கோயில் தாயத்தில் இந்த ஆங்கிலத்துக்கு என்ன வேலை? தேடிப் பார்த்தால் நியூயார்க், ஹாங்காங்கில்கூட இதே அட்டை, இதே வளையம், இதே நோட்டு.

ஜப்பானில் பிச்சை ஏற்கும் உண்மையான துறவிகள் பெரிய பின்னல் தொப்பியோடு, கையில் கிண்ணம் ஏந்தி, மந்திரம் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். யாரையும் துரத்த மாட்டார்கள், தொகை பேச மாட்டார்கள். தாயத்து வேண்டுமென்றால் கோயிலுக்குள்ளேயே கவுன்டரில் விலை எழுதி வைத்திருப்பார்கள்.

யாராவது அட்டை நீட்டினால் கையைப் பைக்குள் விட்டபடி நடந்துகொண்டே இருங்கள். வளையத்தை மாட்டிவிட்டாலும் கழற்றி அவர் நோட்டின் மேலேயே வைத்துவிடலாம். விடாமல் பின்தொடர்ந்தால் 'கோபன்' என்ற காவல் சாவடிக்குள் போங்கள், அல்லது 110-க்கு அழையுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இதில் எதையும் செய்யவில்லை.

கம்பியில் கட்டிய அந்தக் குறிச்சீட்டில் 'தொலைந்த பொருள் கிடைக்காது' என்றும் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.