மிஸ்டரி ஷாப்பிங்கில் ஆறு வருஷம்: கூலி எவ்வளவு, பில் எவ்வளவு, வரி எவ்வளவு

கடைக்குச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி போய்ப் பொருள் வாங்கவேண்டும். கதவருகே நிற்பவர் வணக்கம் சொன்னாரா, கேட்காமலே பில் கொடுத்தார்களா, கழிப்பறையில் சோப்பு இருந்ததா என்று பார்த்து வைத்துக்கொண்டு, அன்று இரவே, அந்தக் கடைக்காரர்களுக்காக நம்மை அனுப்பிய ஏஜென்சிக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பவேண்டும். மிஸ்டரி ஷாப்பிங் என்பது இவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் இதைத் தொடங்கினேன். பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. இது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். எங்கே சேர்வது, எப்படி எழுதுவது என்பதையெல்லாம் பலர் சொல்லிவிட்டார்கள். (சேருவதற்கே பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை, அங்கேயே விட்டுவிடுங்கள்.) கைக்கு வந்த பணத்துக்கு எப்படிக் கணக்கு வைப்பது, வரி விஷயத்தில் என்ன செய்வது என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வேலையில் இரண்டு விதமான பணம் வருகிறது. ஒன்று, போய்வந்து எழுதியதற்கான கூலி. இன்னொன்று, கடையில் நாம் கையிலிருந்து போட்டு வாங்கியதைத் திருப்பித் தருவது. என் நோட்டில் இதற்குப் பெயர் ‘பில் பணம்’. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பீட்சா கடைக்குப் போன கணக்கைப் பாருங்கள். கூலி 250 ரூபாய். பில் பணம் அதிகபட்சம் 400. ஒரு பீட்சா, ஒரு குளிர்பானம், ஓர் இனிப்பு கட்டாயம் வாங்கவேண்டும் என்று நிபந்தனை. பில் 437 வந்தது. ஐம்பது நாள் கழித்து வங்கியில் விழுந்தது 585 ரூபாய். 250-உம் 400-உம் சேர்ந்த 650-இல் பத்து சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வருமான வரி, போக மிச்சம். கையிலிருந்து போட்ட 437-ஐக் கழித்தால் எனக்கு நின்றது 148 ரூபாய். அதிலும் சிங்காநல்லூரிலிருந்து போய்வந்த பெட்ரோல் இருக்கிறது.

முதல் வருஷம் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அந்த ஆண்டு ஏஜென்சி கணக்கில் எனக்குக் கொடுத்த மொத்தமே 18,400 ரூபாய். தொழில்முறைக் கட்டணங்களுக்கு டி.டி.எஸ். பிடிக்கச் சொல்லும் அப்போதைய 194ஜே பிரிவின்படி ஆண்டுக்கு 30,000 தாண்டினால்தான் பிடிக்கவேண்டும். ஆனாலும் முதல் பணத்திலிருந்தே பிடித்தார்கள், 1,840 போய்விட்டது. பிடித்ததைத் திரும்ப வாங்க ரிட்டர்னில் அதைக் காட்டவேண்டும். நானோ அலுவலகம் கொடுத்த சம்பளச் சான்றான படிவம் 16-ஐ மட்டும் வைத்து, சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். நம் பெயரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் என்று ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. தெரியவந்தபோது திருத்திய ரிட்டர்னுக்கான நாள் கடந்துவிட்டது. பிற்பாடு வந்த ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ வசதி கூடுதலாக வரி கட்டுகிறவர்களுக்குத்தான். ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கும் வழி உண்டாம். 1,840 ரூபாய்க்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்த வருஷம் கொரோனா. கடைகளே மூடிக் கிடந்தன. ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: 2020 மே 14 முதல் 2021 மார்ச் 31 வரை டி.டி.எஸ். 10-லிருந்து 7.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. எனக்கு அந்தப் பக்கம் ஆறேழு விசிட்தான்.

அப்புறம் 2023 ஜூலை. ரிட்டர்ன் போட ஓர் ஆடிட்டரிடம் போனேன். அவர் 26ஏஎஸ்ஸைத் திறந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “ஏம்மா, சம்பளம் போக 65,800 ரூபாய் வருமானம் இருக்கே, சொல்லவே இல்லையே?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஏஜென்சியில் நான் பெற்ற கூலி 31,200 மட்டும்தான். மீதி 34,600-உம் பில் பணம்: பர்கர், ஷாம்பு, சட்டை, பெட்ரோல் பங்கில் போட்ட நூறு நூறு ரூபாய். இரண்டையும் கூட்டி, மொத்தத்துக்கும் பத்து சதவீதம் என்று 6,580 பிடித்திருந்தார்கள். பெயருக்குத்தான் பத்து சதவீதம். என் கூலியில் கணக்குப் போட்டால் 21.

“இது அநியாயம் இல்லையா சார்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். 1995-இல் நேரடி வரிகள் வாரியம் போட்ட 715-ஆம் எண் சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறதாம்: நாம் ஏஜென்சிக்கு அனுப்பும் பில் தொகையிலிருந்து செலவுத் தொகையைக் கழித்துவிட்டு டி.டி.எஸ். பிடிக்கக்கூடாது. கூலிக்குத் தனி பில், செலவுக்குத் தனி பில் என்று கொடுத்து, செலவு பில்லில் லாபம் எதுவும் இல்லை என்றால் அதில் பிடிக்கவேண்டியதில்லை என்று நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன. 2022 ஜூலை 1 முதல், தொழில் வழியாகக் கிடைக்கும் சலுகைகளுக்கும் டி.டி.எஸ். பிடிக்கச் சொல்லும் 194ஆர் என்று ஒரு பிரிவு வந்தது. செலவு பில் ஏஜென்சியின் பெயரில் இல்லாமல் நம் பெயரில் இருந்து, அதை அவர்கள் திருப்பிக் கொடுத்தால், அது நமக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்கப்படலாம் என்று அதற்கான விளக்கம். அந்தப் பயத்தில் மொத்தத்துக்கும் பிடித்துவிடுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. “அப்ப பில்லை அவங்க பேர்லயே வாங்கிட வேண்டியதுதானே?” என்றார் ஆடிட்டர். யாருக்கும் தெரியாமல் பார்க்கப் போகிறவள், கல்லாவில் நின்றுகொண்டு ஏஜென்சி பெயரில் பில் போடச் சொல்வதா? அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். டி.டி.எஸ். பிடிக்காத சின்ன ஏஜென்சி ஒன்றின் 12,450 ரூபாயையும் சேர்த்து அந்த ஆண்டு மொத்த வரவு 78,250. 26ஏஎஸ்ஸில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டினால் கேள்வி வரும் என்பதால் மொத்தத்தையும் வரவாகக் காட்டினோம். அதில் பில் பணம் 41,850 கழிந்தது. மீதி 36,400 கூலி. மற்ற செலவுகள் 7,400. நின்றது 29,000 ரூபாய்.

இதை எந்தப் படிவத்தில் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தொடர்ந்து செய்கிற வேலை என்பதால் இது தொழில் வருமானம், ஐடிஆர்-1 ஆகாது. முழுக் கணக்கோடு ஐடிஆர்-3 போடலாம், அல்லது சின்னத் தொழில்கள் வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்ட இடம் தரும் 44ஏடி பிரிவில் ஐடிஆர்-4 போடலாம். 44ஏடியில் வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டவேண்டும். என் வரவுக்கு அது 4,695 ரூபாய்தான். எனக்குத் தெரிந்த சிலர் அதை மட்டும் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 6 சதவீதம் என்பது அடிமட்டம். கையில் 29,000 நின்றதை நோட்டு சொல்லும்போது 4,695 என்று எழுத மனம் வரவில்லை. 29,000-ஐயே காட்டினேன். வரி ஒன்றும் கூடவில்லை. என் சம்பளம் அப்போது மாதம் 26,000; இதைச் சேர்த்தாலும், குறைந்த வருமானக்காரர்களுக்கு வரியை விட்டுக்கொடுக்கும் 87ஏ தள்ளுபடிக்குள் அடங்கிவிட்டது. 6,580-உம் செப்டம்பரில் ரீஃபண்டாக வந்தது.

194ஜேயில் பிடித்திருப்பதால் 44ஏடிஏயில், அதாவது பாதி லாபம் பாதி செலவு என்று போடலாம் என ஒரு பேச்சு உலவுகிறது. அந்தப் பிரிவு டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான். நம் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. “எந்தப் பிரிவுல பிடிச்சாங்கங்கறது அவங்க கணக்கு. நீங்க என்ன வேலை செய்யறீங்கங்கறதுதான் நம்ம கணக்கு” என்றார் ஆடிட்டர். வரி பிடிக்கவேண்டாம் என்று கேட்கும் 15ஜி படிவத்தைக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஒருமுறை அதையும் நிரப்பி அனுப்பினேன். அது வங்கி வட்டி மாதிரியானவற்றுக்குத்தானாம். ஏஜென்சி பதிலே போடவில்லை.

சரி, அந்த 7,400 ரூபாய் செலவு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பெட்ரோல். பிரிட்டனில் சொந்தக் காரில் போனால் மைலுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்ளலாம். நமக்கு அப்படி நிலையான தொகை கிடையாது. ஆனதைத்தான் காட்டமுடியும். வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் மீட்டரை போனில் படம் எடுத்துவிடுவேன். அந்த ஆண்டு 1,900 கிலோமீட்டர், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கிறது, லிட்டர் 103 ரூபாய், ஆக 4,350. போன் ரீசார்ஜில் ஒரு பங்கு 1,200. பார்க்கிங்குக்கும் பஸ்ஸுக்கும் 390. மீதி 1,460 ரூபாய், வரம்பைத் தாண்டிப் போன பில்கள்.

இந்தக் கடைசி வகையில் கொஞ்சம் மனசாட்சி வேண்டும். பீட்சா கடையில் 37 ரூபாய் அதிகமானது நிபந்தனையால், அதை எழுதினேன். இன்னொரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கூடுதலாக ஓர் ஐஸ்கிரீம் கேட்டான், 90 ரூபாய். அது வீட்டுச் செலவு. ஒரே பில்லில் இருந்தாலும் நோட்டில் அதை அடித்துவிட்டேன். தொழிலுக்காக மட்டுமே ஆன செலவைத்தான் கழிக்கலாம் என்பது 37-ஆம் பிரிவு. ஆனால் விசிட்டுக்கு உடுத்திப் போகிற புடவையை அயர்ன் பண்ணியதைக் கணக்கில் எழுதலாமா என்று கேட்ட தோழியும் எனக்கு இருக்கிறாள்.

பில்களைப் பற்றி ஒரு சோகக் கதை. கடைகளில் தருவதெல்லாம் சூட்டில் எழுத்து விழும் காகிதம். நாளாக ஆக வெளிறி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இது தெரிந்ததும் நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக முப்பது பில்களை எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு லேமினேஷன் போடப் போனேன். முதல் பில் அந்த இயந்திரத்துக்குள் போய், மறுபக்கம் முழுக் கறுப்பாக வெளியே வந்தது. சூடு பட்டால் கறுக்கும் காகிதத்தைச் சூட்டு உருளைக்குள் விட்டால் வேறு என்ன நடக்கும்? கடைப் பையன் மீதி 29-ஐக் கையில் பிடித்துக்கொண்டு “அக்கா, இதையும் போடட்டுமா?” என்றான். இப்போது கடையை விட்டு வெளியே வந்ததுமே போனில் படம் எடுத்து, மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கிறேன். ஏஜென்சிக்கு எப்படியும் அந்தப் படம் அனுப்பத்தானே வேண்டும்.

நோட்டு சாதாரண நீளக் கோட்டு நோட்டுதான். தேதி, கடை, கூலி, பில் பணம், உண்மையான பில், கிலோமீட்டர், பணம் வந்த தேதி, பிடித்தது. கடையின் பெயரை மட்டும் எழுதமாட்டேன், குறியீடுதான். எந்தக் கடைக்குப் போனேன் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆடிட்டருக்கும் ‘பீ-7’, ‘நகை-2’ என்றுதான் தெரியும். பணம் வந்த தேதி எதற்கு என்றால், பிப்ரவரியில் போன விசிட்டுக்கு ஏப்ரலில் பணம் வரும். அது எந்த ஆண்டு வருமானம்? நான் பணம் கைக்கு வந்த ஆண்டில் வைக்கிறேன். வருஷா வருஷம் அதே முறைதான், மாற்றுவதில்லை. ஏஜென்சி சிலசமயம் மார்ச் 31-ஆம் தேதியே தன் கணக்கில் ஏற்றி டி.டி.எஸ். பிடித்துவிடும். அந்த மாதிரிப் பதிவுகளுக்குப் பக்கத்தில் நோட்டில் சிவப்புப் புள்ளி.

வீட்டுக் கடன் மாதிரியானவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரிமுறையில் இருப்பவர்கள் இதில் இறங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் மட்டும் என்றால் வருஷா வருஷம் பழையது, புதியது என்று மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் என்று ஒரு சின்னத் தொகை சேர்ந்தாலும் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் தரவேண்டும். அதன்பின் ஒரே ஒரு முறைதான் புதியதற்குத் திரும்ப முடியும். தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்கு வரமுடியாது. வீட்டுக் கடன் வைத்திருக்கும் ஒரு நண்பர் நான்கே நான்கு விசிட் போய்விட்டு இதில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

2025 ஏப்ரல் முதல் 194ஜே வரம்பு 50,000 ஆனது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றும் ஆகிவிட்டது. அதனால் ரிட்டர்னே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும். இங்கே நான் சொன்ன எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1-இலிருந்து புதிய சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு.

இத்தனைக்கும் பிறகு லாபமா என்று கேட்டால், 94 விசிட்டுக்கு 29,000, விசிட்டுக்கு 308 ரூபாய். போய்வந்து ரிப்போர்ட் எழுத இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 123. மாத பட்ஜெட்டை இதை நம்பிப் போடமுடியாது. மகனின் வேன் கட்டணம் கட்ட உதவியது.

ஆடிட்டர் சொன்னபடி 2024-இல் பெரிய ஏஜென்சிக்கு மெயில் போட்டேன்: இனி கூலிக்கு ஒரு பில், செலவுக்குத் தனி பில் அனுப்புகிறேன், கூலிக்கு மட்டும் பிடியுங்கள் என்று. மூன்று மெயிலுக்குப் பதில் இல்லை, நான்காவதற்கு ‘சரி’ என்று ஒற்றைச் சொல் வந்தது. அந்த ஆண்டு அவர்கள் தந்த டி.டி.எஸ். சான்றில், அதாவது படிவம் 16ஏயில், முதல்முறையாகக் கூலி மட்டும் இருந்தது. சின்ன ஏஜென்சியும் இந்த வருஷத்திலிருந்து பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, பழையபடி மொத்தத்துக்கும். அவர்களுக்கு இப்போதுதான் இரண்டாவது மெயில் போயிருக்கிறது.