காரைக்கால் சாப்பாட்டில் பழைய ஒயினும் புது ஒயினும்

டெல்டாக்காரர்களுக்கு வயசின் அருமையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். தையில் அறுத்த சம்பாவை அப்படியே உலையில் போட்டால் குழையும், பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். அதே நெல் ஒரு வருஷம் பத்தாயத்தில் கிடந்துவிட்டால் சோறு உதிரியாக நிற்கும், ஊற்றிய குழம்பை இழுத்துக்கொள்ளும். பழசு உசத்தியா, புதுசு உசத்தியா என்று எங்கள் பக்கம் யாரும் மொட்டையாகக் கேட்பதில்லை. "எதுக்கு ஆக்கப்போறே?" என்றுதான் கேட்பார்கள். ஒயின் என்று வந்ததும் இந்த அறிவு நமக்கு மறந்துபோகிறது. நாள்பட நாள்படத்தான் ருசி என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி, பாட்டிலில் அடைத்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது.

பொங்கல் முடிந்த மறுவாரம் காரைக்காலில் ஒரு நண்பன் வீட்டில் ஆறு பேர் கூடினோம். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். நண்பனின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்தா. பேரனான என் நண்பன் இப்போது பிரான்சில் வேலை பார்க்கிறான். விமான நிலையத்தில் தீர்வை இல்லாமல் ஒருவர் இரண்டு லிட்டர் வரைதான் கொண்டுவரலாம் என்பதால் அவன் பெட்டியில் இரண்டு பாட்டில். அவற்றுக்கு எதிரே வைக்க நான் இரண்டு வாங்கியிருந்தேன். எல்லோரும் இரவு அங்கேயே தங்கல், வண்டிச் சாவிகளை நண்பனின் அம்மா முதலிலேயே வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

முதல் ஜோடி வெள்ளை. புதுசு, நாசிக்கில் செனின் பிளாங்க் என்ற திராட்சையில் செய்தது, போன வருஷ அறுவடை. பழசு, பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் உள்ள வூவ்ரே ஊர் ஒயின், 2005-ஆம் ஆண்டு, லேசான இனிப்பு விட்டுச் செய்தது. இரண்டும் ஒரே திராட்சை என்பதுதான் இந்த ஜோடியின் அழகு. வூவ்ரேயில் விளைவதும் செனின் பிளாங்க்தான். அங்கே செப்டம்பர், அக்டோபரில் பறிப்பார்கள். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை, நாம் சம்பா அறுக்கிற நேரத்தில்.

இரண்டாவது ஜோடி சிவப்பு. புதுசு, கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில் காபர்னே, ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகளைக் கலந்து செய்தது, இரண்டு வயசு. பழசு, பிரான்சின் ஒயின் வட்டாரமான பொர்தோவில் ஓ-மெடோக் பகுதியிலிருந்து, 2010-ஆம் ஆண்டு. பொர்தோவுக்கு அது பேர்போன ஆண்டு.

ஊற்றும் முன் ஒரு விஷயம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது பழைய ஐரோப்பிய வீட்டுக்குச் சொன்னது. அந்த அறையில் 16, 18 டிகிரிதான் இருக்கும். நம் ஊரில் தை மாதத்து இரவிலேயே கூடத்தில் 25-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் சாராய நெடிதான் அடிக்கும். அதனால் இரண்டு சிவப்பையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தோம். பழைய சிவப்பை முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்தோம், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று. வயசான சிவப்பு ஒயினில் நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படியும். ஆற்று வண்டலை நம்பி வாழ்கிற ஊரில் அந்தச் சொல் எல்லோருக்கும் சட்டென்று பிடித்துப்போனது.

நாசிக் செனினில் கொய்யா வாசம், அன்னாசி, கடைசியில் ஒரு எலுமிச்சைக் கீற்று. குடித்தவுடன் முகம் மலரவைக்கிற ஒயின். வறுத்த இறாலோடு அது ஓடிய ஓட்டம் அருமை. காரத்தை அதன் குளிர்ச்சியும் மெல்லிய இனிப்பும் தணித்தன. சங்கரா மீன் குழம்பில்தான் கொஞ்சம் தோற்றது. புளி ஏறிய குழம்புக்குப் பக்கத்தில், அதைவிடப் புளிப்புக் குறைந்த எந்த ஒயினும் சப்பென்று ஆகிவிடும். முதல் வாயில் இருந்த எலுமிச்சைக் கீற்றைக் குழம்புக்கு அப்புறம் தேடவேண்டியிருந்தது.

பிறகு வூவ்ரே. நிறமே வேறு, நல்லெண்ணெயின் பொன்னிறம். மூக்கருகே கொண்டுபோனால் தேனடை மெழுகு, காய்ந்த அத்திப்பழம், இஞ்சி மரப்பா. இருபது வருஷத்தில் பழவாசம் போய்விட்டது, ஆனால் புளிப்பு போகவில்லை. செனின் திராட்சையின் குணம் அது. சர்க்கரையும் அந்தப் புளிப்பும் சேர்ந்துதான் ஒயினை இத்தனை காலம் கெடாமல் காத்திருக்கின்றன, நம் ஊறுகாயை உப்பும் புளிப்பும் காப்பதுபோல. சர்க்கரை உள்ளே இருந்தும் வயசானதில் நாக்குக்கு இனிப்பு பின்வாங்கித் தெரிந்தது.

அதோடு மிளகுத் தூள் மட்டும் போட்டு வறுத்த கடல் நண்டைச் சாப்பிட்டோம். பேச்சு நின்றது. நண்டின் இனிப்பும் ஒயினின் தேனும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியவில்லை. நான் சாப்பிட்ட ஒயின் விருந்துகளில் அந்த இரண்டு நிமிஷத்துக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன். சங்கராக் குழம்புக்கும் அது அசரவில்லை. புளிக்குப் பதில் சொல்லும் புளிப்பு அதனிடம் இருந்தது.

சிவப்பில் கதை தலைகீழ். பழைய ஓ-மெடோக் தனியாகக் குடிக்கையில் நாலில் மிக ஆழமானது. ஓரத்தில் செங்கல் நிறம். சுருட்டுப் பெட்டி, காய்ந்த புகையிலை, பாட்டி வீட்டு மரப்பெட்டியைத் திறந்த வாசம், அதற்கடியில் முதல் மழை மண். இளமையில் பல்லைக் கவ்வியிருக்கும் துவர்ப்பு இப்போது பட்டுபோல இறங்கியது. அரைமணி நேரம் அதையே முகர்ந்துகொண்டிருக்கலாம்.

சாப்பாடு வந்ததும் அது ஒடுங்கிவிட்டது. ஒரு வாய் மீன் குழம்பு, ஒரு வாய் ஓ-மெடோக். வாயில் துருப்பிடித்த ஆணியைக் கடித்தது மாதிரி ஒரு கவிச்சி. இதற்குக் காரணம் துவர்ப்பு என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களைக் கடல் உணவோடு சோதித்து, ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு கூடக்கூட மீன் கவிச்சி கூடுவதைக் காட்டினார்கள். அதற்காகச் சிவப்பு எல்லாமே மீனுக்கு ஆகாது என்று அர்த்தமில்லை, ஆனால் எங்கள் பாட்டிலில் அது பளிச்சென்று தெரிந்தது. ஆட்டுக்கறிச் சுக்காவோடும் அதே கதி, வேறு காரணத்தால். மிளகாய் எரியும் நாக்கில் சாராயம் எரிச்சலைத்தான் கூட்டும், மெல்லிய வாசனைகள் எல்லாம் அதில் அடிபட்டுப்போகும். புகையிலையும் இல்லை, மழை மண்ணும் இல்லை. பதினைந்து வருஷம் காத்திருந்த ஒயினை ஒரு வரமிளகாய் தின்றுவிட்டது.

நந்தி மலைச் சிவப்பு அங்கே எழுந்து நின்றது. நாவல்பழமும் மிளகும். நாவல்பழம் தின்றபின் நாக்கில் நிற்கும் அதே துவர்ப்பு. தனியாகக் குடித்தால் முரடு. சுக்காவின் கொழுப்பும் உப்பும் சேர்ந்ததும் அந்த முரடு அடங்கி, பழம் மட்டும் மேலே வந்தது. காரம் அதையும் கொஞ்சம் உறுத்தியது என்பது உண்மை. இன்னும் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய சிவப்புக்குக் கடைசியில் ஒரு துணை கிடைத்தது. நண்பனின் அம்மா பேரப்பிள்ளைகளுக்காகக் காரமில்லாமல் தேங்காய்ப்பாலும் முந்திரியும் அரைத்து ஒரு வெள்ளைக் குருமா வைத்திருந்தார். "தம்பி, இவ்ளோ நோஞ்சானா இருக்கே அது, இதோட சாப்பிட்டுப் பாருங்க" என்று ஒரு கரண்டி வைத்தார். அவர் ஒயினைத் தொடுவதில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். குருமாவில் வெந்த இளங்கறியோடு அந்த ஒயின் மறுபடி வாய் திறந்தது.

இனிப்புக்குத் திருவையாறு அசோகா. மிச்சமிருந்த வூவ்ரேயோடு சேர்த்தோம், சரிவரவில்லை. ஒயினைவிட இனிப்பு அதிகமான பண்டம் வந்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். அசோகாவுக்கு டிகிரி காப்பியே போதும்.

பழைய ஒயினைப் பற்றி யோசிப்பவர்கள் ருசிக்கு முன்னால் வெயிலை யோசிக்க வேண்டும். அதற்குப் பிடித்தது 12, 13 டிகிரி, இருட்டு, அசையாத இடம். அதுவும் வருஷம் முழுக்க. நான் ஒரு நல்ல சிவப்பை நாலு சித்திரை பரண் மேல் வைத்திருந்தேன். திறந்தபோது கார்க் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, உள்ளே வெந்த பேரீச்சம்பழக் கஷாயம். அந்தப் பாட்டிலுக்கு வயசு ஆகவில்லை, சூட்டில் அவிந்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கண்ணாடி அலமாரியில், மத்தியான வெயில் படுகிற இடத்தில் நிற்கும் பத்து வருஷத்துப் பாட்டிலை எந்தக் கடையில் பார்த்தாலும் வாங்காதீர்கள், எத்தனை சகாயமாகக் கொடுத்தாலும். தனி ஒயின் ஃபிரிட்ஜ் இல்லாத டெல்டா வீட்டில் வாங்கிய ஒயினைச் சில மாதங்களில் குடித்துவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

என் தீர்ப்பு இது. எங்கள் கார, புளிச் சாப்பாட்டுக்கு அன்றாடம் கைகொடுப்பது புது வெள்ளை. கறி இருந்தால் குளிரவைத்த புதுச் சிவப்பு. பழசுக்கென்று பணம் செலவழிப்பதானால் எல்லோரும் ஓடிப்போய் வாங்கும் பழைய சிவப்பை விட்டுவிட்டு, புளிப்பும் இனிப்பும் உள்ள பழைய வெள்ளையைத் தேடுங்கள். கடற்கரை ஊரின் நண்டும் மீனும் காத்துக்கொண்டிருப்பது அதற்குத்தான். மேஜையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்னும் ஓ-மெடோக் பக்கம்தான், அவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் அதை நிதானமாகக் குடித்தவர்கள்.

மறுநாள் காலையில் நண்பன் பிரான்சுக்குக் கிளம்பும் முன் கேட்டான்: "அடுத்த தைக்கு எது கொண்டாரட்டும்டா?"

ரெண்டும் வூவ்ரே என்றேன். ஒன்று 2005, இன்னொன்று புதுசு. நண்டு நான் வாங்கி வைக்கிறேன்.