வெள்ளை கஷாசாவா, மரத்தில் ஊறியதா? சாவ் பாவ்லோ பாரில் எதைக் கேட்கலாம்

பிரேசிலின் சாவ் பாவ்லோவில், பழைய நகர மையத்தில் ஆஸ்கர் நீமையர் வடிவமைத்த கோபான் கட்டடம் அலை மாதிரி வளைந்து நிற்கிறது. அந்தப் பக்கத்துச் சின்ன பார்களில் கஷாசா என்கிற உள்ளூர்க் கரும்புச் சரக்குக்கும் உள்ளூர்ப் பழத்துக்கும்தான் முதல் மரியாதை. மெனு எவ்வளவு நீளமாக இருந்தாலும் புதிதாகப் போகிறவருக்குப் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: வெள்ளை கஷாசாவில் கலக்கும் கைபிரிஞ்ஞா, மரப் பீப்பாயில் ஊறிய கஷாசாவில் கலக்கும் ஹாபோ ஜி காலோ. சின்ன பார் என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. கடற்கரைக் கடை என்றால் தயங்காமல் முதலாவது.

கஷாசாவை ரம்மின் தம்பி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அமெரிக்காவிலேயே 2013 வரை லேபிளில் ‘பிரேசிலியன் ரம்’ என்று போட வேண்டியிருந்தது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ரம்முக்கு மூலப்பொருள் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ். கஷாசாவுக்கோ பச்சைக் கரும்புச்சாறேதான். அதைப் புளிக்கவைத்து, 38 முதல் 48 சதவீத ஆல்கஹாலுக்குள் நிற்கும்படி வடிக்க வேண்டும் என்பது பிரேசில் சட்டம். ‘51’ போன்ற பெரிய பிராண்டுகள் தொழிற்சாலையில் கோபுரம் மாதிரி உயர்ந்த வடிகலத்தில் தொடர்ச்சியாக வடிப்பவை. விலை மலிவு, வாசனையும் குறைவு. அலாம்பிக் என்கிற செம்புப் பானையில் வடிப்பவர்கள் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அந்த வெள்ளைச் சரக்கை முகர்ந்தால், கரும்பு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் கடைக்குப் பக்கத்தில் நிற்பது போலிருக்கும்.

கைபிரிஞ்ஞாவில் இந்த வெள்ளைதான் இறங்குகிறது. பச்சை எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், கஷாசா. வேறு எதுவும் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தைக் கெடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல கைக்காரர் எலுமிச்சையின் இரண்டு முனையையும் சீவி, நடுவில் ஓடும் வெள்ளைத் தண்டை வெட்டி எடுத்துவிடுவார். அங்கேயும் கசப்பு இருக்கிறது. பிறகு சர்க்கரையோடு சேர்த்து மரக்கட்டையால் நாலு அழுத்து, அவ்வளவுதான். துவையல் மாதிரி அரைத்தால் தோலின் கசப்பெல்லாம் கிளாஸில் இறங்கிவிடும். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறையில் கஷாசா 60 மில்லி. கஷாசாவுக்குப் பதில் வோட்கா ஊற்றினால் கைபிரோஸ்கா என்று கேட்க வேண்டும்.

ஆனால் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்து கஷாசாவைப் பாதி மறைத்துவிடுகின்றன. நடுத்தரச் சரக்கும் அதில் தப்பித்துக்கொள்ளும். வெயிலில் மணலில் உட்கார்ந்து குடிக்க அது போதும். நல்ல பாட்டில்களாகத் தேடி அடுக்கி வைத்திருக்கும் சின்ன பாருக்குப் போய் அதையே கேட்பானேன்?

மரத்தில் ஊறியது வேறு உலகம். விஸ்கிக்காரர்கள் ஓக்கை விட்டு நகர மாட்டார்கள். பிரேசிலில் அம்புரானா, பால்சமோ, ஜெகிட்டிபா, இப்பே என்று உள்ளூர் மரங்களிலேயே பீப்பாய் செய்கிறார்கள். அம்புரானாவில் இருந்தது லவங்கப்பட்டை, வனிலா என்று பேக்கரி வாசலை மூக்குக்குக் கொண்டுவரும். பால்சமோவில் சோம்பும் மூலிகையும் தூக்கும். மினாஸ் ஜெரைஸ் மாநிலத்து சலீனாஸ் ஊரின் பெயர்பெற்ற பழைய கஷாசாக்கள் அந்த வழிதான். ஜெகிட்டிபா அடக்கமானது. பாட்டிலில் ‘பிரீமியம்’ என்று இருந்தால் மொத்தச் சரக்கும் ஓராண்டாவது மரத்தில் கிடந்திருக்க வேண்டும். ‘எக்ஸ்ட்ரா பிரீமியம்’ என்றால் மூன்றாண்டு. வெறுமனே ‘ஊறியது’ என்று போட்டிருந்தால் பாதி ஊறியிருந்தாலே போதும், கவனம்.

இதை எலுமிச்சையோடு நசுக்குவது வீண்செலவு. ஹாபோ ஜி காலோவில் மூலிகை ஊறிய ஒயினான சிவப்பு வெர்மூத்தும், இப்போது பல பார்களில் கூனைப்பூக் கசப்பு மதுவான சினாரும் சேர்கின்றன. ஒரு காலத்தில் மூலைக்கடையில் நின்றபடியே வேலையாட்கள் ஊற்றிக்கொண்ட மலிவுக் கலவை இது. இன்று வெளிச்சம் குறைந்த பாரில் பெரிய ஐஸ் கட்டியோடு வருகிறது. விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது, அந்த எரிச்சல் எனக்கு உண்டு. ஆனாலும் அம்புரானாவின் இனிப்பு வாசனையை அந்தக் கசப்பு பிடித்து நிறுத்துவதைப் பார்த்தால் விலையை மன்னித்துவிடலாம். அம்புரானா மட்டுமே என்றால் சிலருக்குத் திகட்டும். அவர்கள் பால்சமோ கேட்கட்டும்.

இரண்டும் வேண்டாம், பழம் வேண்டும் என்றால் முந்திரிப்பழ கைபிரிஞ்ஞா. பிரேசிலில் பிறந்து போர்த்துகீசியர் கப்பலில் இந்தியா வந்த அதே முந்திரிதான். பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தொண்டைக் கரகரப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸும் சர்க்கரையும் அதைப் பெரும்பாலும் அடக்கிவிடுகின்றன. பேஷன் ஃப்ரூட், ஜபுட்டிகாபா எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். முந்திரிப்பழம் கிடைக்கிற பருவத்தில் அவற்றைத் தேட மாட்டேன்.

அமேசான் பக்கத்து ஜாம்பு இலை ஊறிய கஷாசா நாக்கையும் உதட்டையும் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். அதற்குப் பிறகு குடிப்பது எதுவும் ருசி தெரியாது என்பதால் கடைசி கிளாஸாக வைத்துக்கொள்ளுங்கள். மரன்யாவ் மாநிலத்தில் மரவள்ளிக்கிழங்கில் வடிக்கும் திக்கீரா இருந்தால் ஒரு மடக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். 54 சதவீதம் வரை போகக்கூடிய சரக்கு, முழு கிளாஸ் வேண்டாம்.