கோடை வகுப்போடு ஊரும் பார்க்க: ஜேர்மனியின் மாதாந்த ரயில் ரிக்கற்

ஜேர்மனிக்குக் கோடைகால மொழி வகுப்புக்கு வெளிக்கிடுகிற எங்கட பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சேர், சுத்திப் பார்க்க எந்தப் பாஸ் எடுக்கிறது?" என்பதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது டொய்ச்லாண்ட் ரிக்கற். மாதத்துக்கு ஒரு விலை கட்டினால் நாடு முழுக்க ஓடுகிற பிரதேச ரயில்கள், நகரத்துப் பஸ், ட்ராம், நிலக்கீழ் ரயில் எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் ஏறி இறங்கலாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் இருந்து 63. நான் 2025 ஒகஸ்ட்டில் போனபோது 58 கட்டினேன். எங்கட காசில் ஏறக்குறைய 20,000 ரூபா.

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆள் நான். மியூனிக்கில் ஒகஸ்ட் மாதம் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் செப்ரெம்பரில் ஊர் ஊராகப் போய் நாடகம் பார்ப்பது என்று முதலே முடிவு. இந்த ஒழுங்கை எல்லாருக்கும் சொல்வேன். காரணம், ஜேர்மனியின் அரச, நகர அரங்குகள் கோடையில் ஆறு வாரமளவில் பூட்டிக் கிடக்கும். ஒகஸ்ட்டில் நாடகம் தேடிப் போனால் வெளிவாசல் சுவரொட்டிதான் மிச்சம். நாடக விழாக்கள் மட்டும் நடக்கும். ஆகவே ஒகஸ்ட்டில் படிப்பு, சனி ஞாயிறில் பக்கத்து ஊர்கள். செப்ரெம்பர் பிறந்ததும் அரங்குகள்.

ரிக்கற்றும் இந்தக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அது ஒன்றாம் திகதியில் இருந்து மாதக் கடைசி வரைக்குமானது. யூலை நடுவில் தொடங்கி ஒகஸ்ட் நடுவில் முடிகிற வகுப்பை எடுத்தால் நாலு வாரத்துக்கு இரண்டு மாதக் காசு போகும். வகுப்பைத் தெரிவு செய்யும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேணும். இன்னொரு ஆதாயம் வாடகையில். மியூனிக்கின் நடுவில் அறை எடுப்பது எங்களைப் போன்றவர்களால் ஏலாது. தள்ளி ஒரு சின்ன ஊரில் அறை எடுத்து, விடியப்புறம் இதே ரிக்கற்றில் வகுப்புக்கு வரலாம்.

நான் முதலில் போனது ஓபர்அமர்கவ். மியூனிக்கில் ஏறி முர்னாவில் ரயில் மாறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். 1633இல் கொள்ளைநோய் வந்தபோது, தங்களைக் காப்பாற்றினால் இயேசுவின் பாடுகளை நாடகமாக ஆடுவோம் என்று அந்த ஊர் நேர்ந்துகொண்டது. 1634இல் முதல் ஆட்டம். இன்றைக்கும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து ஆடுகிறது. 2020இல் ஆட வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. அடுத்தது 2030. அந்த ஊரில் பிறந்திருக்க வேணும், இல்லாவிட்டால் குறைந்தது 20 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேணும்; மற்றவர்களுக்கு மேடையில் இடமில்லை. ஆட்டத்துக்கு முந்தின ஆண்டு விபூதிப் புதனோடு முடியும் தாடியும் வெட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அரங்கைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கட்டாயம் போங்க. சனம் இருக்கிற பக்கம் பெரிய கூரை, மேடை திறந்தவெளியில். மேடைக்குப் பின்னால் பச்சை மலை நிற்கிறது. அந்த இருக்கையில் இருந்து நான் யோசித்ததெல்லாம் எங்கட ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரைத்தான். சட்டங்கொடுத்து, அதாவது ஆளாளுக்கு வேசமும் பாட்டும் பிரித்துக் கொடுத்து, மாதக்கணக்கில் ஆட்டம் பழக்கி, வயலுக்கும் தோணிக்கும் போகிற மனிசரை அரங்கேற்ற இரவில் அருச்சுனனாக ஆட வைக்கிறவர்கள். அந்த ஊர்க்காரர் தங்கட ஆட்டத்துக்கு நூதனசாலையும் 4,000க்கு மேல் இருக்கைகளுள்ள அரங்கும் வைத்திருக்கிறார்கள். எங்கட கூத்துக்கும் அப்படி ஒன்று வேணும். இதை நான் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சால்ஸ்பேர்க் ஒஸ்திரியாவில் இருந்தாலும் அந்த நகரத்துப் பிரதான நிலையம் வரைக்கும் இந்த ரிக்கற் செல்லும். இது பலருக்குத் தெரியாது. அங்கத்தைய நகர பஸ்ஸுக்குச் செல்லாது, நடக்க வேணும், நடக்கக்கூடிய தூரம்தான். 1920 ஒகஸ்ட் 22இல் தேவாலய வாசலில் மேடை போட்டு ஆடிய 'ஜேடர்மான்' நாடகத்தோடு தொடங்கிய சால்ஸ்பேர்க் விழா இன்னும் நடக்கிறது, அந்த நாடகத்தையும் இன்னும் ஆடுகிறார்கள். உள்ளே இருந்து பார்க்கிற இருக்கை என் கைக்கு எட்டாத விலை. ஆனால் சாவு நெருங்குகிற கட்டத்தில் நாயகனின் பேரைச் சுற்றியுள்ள கோபுரங்களில் இருந்தும் மேலே மலைக்கோட்டையில் இருந்தும் நீட்டிக் கூப்பிடுவார்கள். அடைப்புக்கு வெளியே தெருவில் நின்றவனுக்கு அது நல்லாகவே கேட்டது. ஐஸ்கிரீமோடு போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளை அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தது. ஒரு நகரத்தையே அரங்காக்குவது எப்படி என்று பாடப் புத்தகத்தை வைத்து நான் இவ்வளவு தெளிவாகப் படிப்பித்ததில்லை. திரும்பும்போது எல்லையில் பொலிஸ் ஏறிச் சோதிப்பார்கள். பாஸ்போட்டின் பிரதி போதாது, பாஸ்போட்டே கையில் இருக்க வேணும்.

ஓக்ஸ்பேர்க்கில் 1898இல் நாடகாசிரியர் பிரெக்ட் பிறந்த வீடு இருக்கிறது, அரை நாள் போதும். திங்கட்கிழமை நூதனசாலைகள் பெரும்பாலும் பூட்டு. மலைமேல் இருக்கிற நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற பேர்பெற்ற வெள்ளைக் கோட்டைக்கு நான் போகவில்லை.

ஸ்ருட்காட்டில் இருக்கிற சித்தி மகன் போனில் கேட்டான், "அண்ணா, அந்த ஊர் ரயிலிலயா சுத்தப் போறீங்க? யூரெயில் பாஸ் எடுங்க." யூரெயில் என்பது ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களிலும் செல்லுகிற பாஸ். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஐசிஈ, ஐசி போன்ற விரைவு ரயிலில் டொய்ச்லாண்ட் ரிக்கற் செல்லவே செல்லாது. மியூனிக்கில் இருந்து பேர்ளினுக்கு விரைவு ரயிலில் நாலு மணித்தியாலமளவில் போகலாம், பிரதேச ரயிலில் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பரிஸ், ரோம் என்று நாடு நாடாகப் போகிறவருக்கு யூரெயில்தான் சரி. ஆனால் அந்தப் பாஸோடும் பிரான்ஸ், இத்தாலியின் விரைவு ரயில்களில் இருக்கைக்குத் தனிக் காசு கட்ட வேணும். வகுப்பு நடக்கிற வாரங்களில் அது பையில் சும்மா கிடக்கும். நான் செப்ரெம்பருக்கும் இதே ரிக்கற்றை எடுத்து, நியூரன்பேர்க், வைமார், லைப்சிக் என்று தங்கித் தங்கிப் பேர்ளின் போனேன். வைமாரில் கவிஞர் கோதே 1791இல் இருந்து 1817 வரை நடத்திய அரங்கின் இடத்தில் இன்றைக்கும் நாடகம் நடக்கிறது. விரைவு ரயிலில் போயிருந்தால் அதைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டேன். திரும்பி வர மட்டும் முன்கூட்டியே வாங்கிய மலிவு விரைவு ரிக்கற். அந்தக் கலவைதான் என் சிபாரிசு.

வாங்குகிற விசயம். ரிக்கற் போனில் வரும், பேர் எழுதியிருக்கும், இன்னொருவருக்குக் கொடுக்க ஏலாது. பரிசோதகர் திரையில் உள்ள குறியீட்டை ஸ்கேன் பண்ணிவிட்டுப் பாஸ்போட்டில் உள்ள பேரோடு ஒத்துப் பார்ப்பார், ஆகவே பாஸ்போட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடுங்க. சில செயலிகள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு மட்டும் கேட்கும், சில கடன் அட்டையை ஏற்கும். இங்கே வெளிக்கிட முதல் வங்கியில் போய் அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று கேளுங்க. இது சந்தா. கடைசி மாதத்தின் 10ஆம் திகதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதக் காசையும் எடுத்துவிடுவார்கள்.

விசாவுக்கும் இதே திட்டத்தைத்தான் காட்ட வேணும். வகுப்புக் கடிதத்தை மட்டும் கொண்டு கொழும்புக்குப் போனால் வகுப்பு முடிகிற திகதியோடு விசாவும் முடியலாம். சுற்றுகிற வாரங்களுக்கும் தங்குமிடப் பதிவு, நாள்வாரியான பயண ஒழுங்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எல்லாம் விமானம் ஏறுகிற கடைசி நாள் வரைக்கும் இருக்க வேணும்.